அடக்கப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. அவருடைய தாத்தாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மெட்ராஸுக்கு ரயில்வே வேலைக்கு வந்தவர். புராட்டஸ்டண்ட் குடும்பம், இன்றைக்கு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அவர் 1920-களில் இறந்துபோனதாக வீட்டில் பேச்சு. போட்டோ, கடிதம், சான்றிதழ் எதுவும் மிஞ்சவில்லை. கல்லறைப் பதிவுகளை வைத்துக்கொண்டு குடும்ப வரலாற்றைத் தேட முடியுமா, முடியும் என்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

முடியும். என் அம்மா வழிக் குடும்பத்தில் (அவர்கள் கத்தோலிக்கர்) நான் ஐந்து தலைமுறை பின்னால் போனதே பெரும்பாலும் இந்தப் பதிவேடுகளால்தான். ஆனால் எடுத்த எடுப்பில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல் கல்லாகப் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், நானும் அதைத்தான் செய்தேன். முழுநாள் வெயிலில் அலைந்து, முள் கிழித்து, யாரோ ஒரு வெள்ளைக்காரக் கேப்டனின் கல்லறையைப் படித்துவிட்டுத் திரும்பினேன். கல்லறைக்குக் கல் வைப்பது வசதி இருந்தவர்கள் வேலை. நம் கொள்ளுத்தாத்தாக்களில் பெரும்பாலோர் மண்மேடும் மரச் சிலுவையுமாகப் போனவர்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியிருந்தால் பெரிது.

முதலில் மூன்று வேறு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக்கொள்ள வேண்டும். கல்லறைக் கல்லில் வெட்டிய எழுத்து ஒன்று. ஆலயத்திலோ கல்லறைத் தோட்ட அலுவலகத்திலோ இருக்கும் அடக்கப் பதிவேடு (பேச்சில் 'பரியல் ரிஜிஸ்டர்') இன்னொன்று. அரசாங்கத்தின் இறப்புப் பதிவேடு மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் வேறு, எழுதிய நோக்கம் வேறு, அதனால் மூன்றிலும் வரும் தப்புகளும் வேறு. உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது நடுவில் உள்ளது.

அதைத் திறப்பதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் அகர வரிசை இருக்காது, தேதி வரிசைதான். '1920-களில்' என்று போய் நின்றால் பத்து வருஷத்தைப் புரட்ட வேண்டும், அதற்குள் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். காலத்தை நெருக்கிப் பிடியுங்கள். அதற்கு நல்ல கேள்வி 'எப்போது செத்தார்?' என்பது அல்ல. 'யார் கல்யாணத்துக்கு இருந்தார், யார் கல்யாணத்துக்கு இல்லை?' என்பதுதான். பெரியவர்களுக்கு வருஷம் மறந்திருக்கும், கல்யாணம் மறக்காது. பழைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப வேதாகமத்தின் முதல் வெற்றுத்தாளைப் பாருங்கள். பிறப்பு, இறப்புத் தேதிகளை அங்கே எழுதி வைக்கும் பழக்கம் புராட்டஸ்டண்ட் வீடுகளில் நிறைய உண்டு.

அப்புறம், வீட்டுக் கதைகளில் வரும் 'பெரிய காய்ச்சல்', 'தாது வருஷம்' மாதிரிப் பேச்சுகளைக் கிழவிப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876–78. பெரிய காய்ச்சல் என்றால் அநேகமாக 1918 கடைசியில் வந்த இன்ஃப்ளுயன்ஸா, தமிழ்க் கணக்கில் காளயுக்தி. ஒரு எச்சரிக்கை மட்டும்: தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1936-லும் ஒரு தாது வந்தது.

இப்போது பதிவேட்டுக்கு வரலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1614-ல் வந்த ரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், திருமணம் இவற்றோடு இறந்தோருக்கும் தனிப் பதிவேடு வைக்கச் சொன்னது. இங்கிலாந்துத் திருச்சபையில் 1813 முதல் அடக்கப் பதிவுக்கென்றே அச்சிட்ட படிவம் வந்தது: பெயர், குடியிருந்த இடம், அடக்கம் செய்த நாள், வயது, நடத்திய குருவின் கையெழுத்து. நம்மூர் மிஷன் ஆலயங்களின் பதிவேடுகளும் ஏறக்குறைய இதே சாயலில்தான் இருக்கும். பிற்காலத்தில் இறந்த நாள், தொழில், சாவுக்குக் காரணம் என்ற பத்திகள் சேர்ந்தன. தகப்பன் பெயரும் புருஷன் பெயரும் பல இடங்களில் வரும். வரும் என்பதுதான், வந்தே தீரும் என்பதல்ல. எழுதிய உபதேசியாரின் (குருவுக்கு உதவியாக இருக்கும் சபை ஊழியர்) சுறுசுறுப்பைப் பொறுத்தது அது.

உங்கள் விஷயத்தில் கிராமத்து ஆலயம் யார் மிஷனின் கீழ் இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. என்பது 1947 செப்டம்பரில் பிறந்தது. அதற்கு முன்னால் திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்களின் ஊர்களும் தனித்தனி. 1896-ல்தான் திருநெல்வேலிக்குத் தனிப் பேராயம் அமைந்தது. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன். இது ஏன் முக்கியம் என்றால், சின்னக் கிராமத்து ஆலயத்தில் பதிவேடே இல்லாமல் இருக்கலாம். அந்த ஊர்ச் சாவுகளை எல்லாம் சேகரத்தின் (ஒரு குருவின் கீழ் உள்ள பல ஊர்ச் சபைகளின் தொகுதி) தலைமை ஊரில் வைத்து எழுதியிருப்பார்கள். ஆகவே 'எங்கள் ஊர்க் கோயிலில் ஒன்றும் இல்லை' என்று கோயில்குட்டி (ஆலயப் பணியாள்) சொன்னால் அதோடு திரும்பிவிடாமல், அந்தக் காலத்தில் இது எந்தச் சேகரம் என்று கேளுங்கள். பல மிஷன்களின் பழைய தாள்கள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மதுரை இயேசு சபையாருடையவை கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன.

கத்தோலிக்கர் பக்கம் இதைவிடச் சிக்கல். கோயில்கள் மேல் அதிகாரம் யாருக்கு என்ற தகராறில் ஒரே ஊரில் போர்ச்சுகீசிய அதிகாரத்தின் கீழ் ஒரு கோயில், ரோமையின் நேரடி அதிகாரத்தின் கீழ் ஒரு கோயில் என்று இரண்டு இருந்த காலம் உண்டு. தஞ்சைப் பகுதி ஊர் ஒன்று மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும், பக்கத்துத் தெரு வேறு ஆயரின் கீழ். ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே.

போகும்போது ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். ஆராதனை முடிந்த நேரத்தில் குருவானவருக்கு ஆயிரம் வேலை. வாரநாளில், முன்கூட்டியே போன் செய்து, எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு என்று குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போங்கள். கையில் ஒரு அடையாளக் கடிதம் இருந்தால் நல்லது, உங்கள் சொந்தச் சபை குருவிடம் வாங்கியது. சொத்துத் தகராறுக்காகப் பதிவேடு கேட்டு வருகிறவர்கள் நிறைய, அதனால் அவர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். ஒரு ஆலயத்தில் என்னை இரண்டு முறை 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பினார்கள். மூன்றாம் முறை வம்சாவளியை ஒரு தாளில் வரைந்துகொண்டுபோய்க் காட்டினேன். குருவானவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பதிவேடு எப்படி இருந்தது என்று சொல்கிறேன், நீங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிய. நீளவாக்கில் கணக்குப் பேரேடு மாதிரி, சிவப்புத் துணி அட்டை. மை காவி நிறத்துக்கு மங்கியிருந்தது. பூச்சி அரித்த ஓட்டை ஒன்று முதல் பக்கத்திலிருந்து நாற்பதாம் பக்கம் வரை ஒரே இடத்தில் போகிறது. அந்த ஓட்டையில் விழுந்த பெயர்கள் போனது போனதுதான். 1918 அக்டோபர் வரும்வரை மாதத்துக்கு மூன்று நான்கு வரி. பிறகு ஒரு நாளைக்கே மூன்று வரி. எழுத்து கோணலாகிறது, காரணப் பத்தியில் முதலில் 'காய்ச்சல்' என்று எழுதியவர் அடுத்த வரியிலிருந்து ௸ மட்டும் போட்டுக்கொண்டே போகிறார். ஒரு பக்கம் முழுக்க ௸ தான். நவம்பர் நடுவில் கையெழுத்தே மாறிவிடுகிறது. முந்தைய உபதேசியார் எங்கே என்று தேடினால், இரண்டு பக்கம் தள்ளி அவர் பெயரே ஒரு வரியாக இருக்கிறது.

௸ என்றால் 'மேற்படி'. இந்த மாதிரிக் குறிகள் தெரியாமல் போனால் தடுமாறுவீர்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். எண்களும் பழைய தமிழ் எண்களாக இருக்கலாம்: ௧ (1) என்பது க மாதிரி, ௨ (2) என்பது உ மாதிரி, ௭ (7) என்பது எ மாதிரி, ௮ (8) என்பது அ மாதிரி. பத்துக்குத் தனிக்குறி ௰. நான் முதன்முதலில் பார்த்த பதிவேட்டில் வயதுப் பத்தியில் ௩௰ என்று இருந்ததை 'மூன்று, பின்னால் ஏதோ கிறுக்கல்' என்று படித்து, ஒரு பெண்ணை மூன்று வயதுக் குழந்தையாக்கி என் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அவருக்கு வயது முப்பது. இரண்டு பிள்ளைகளின் தாய். ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

கத்தோலிக்கப் பதிவேடு என்றால் பல ஆண்டுகள் லத்தீனில் இருக்கும். பயந்துவிடாதீர்கள். ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும், பத்துச் சொல் தெரிந்தால் போதும். 'ஓபியித்' என்றால் இறந்தார், 'செபுல்துஸ்' அடக்கம் செய்யப்பட்டார், 'ஃபிலியுஸ்' மகன், 'ஃபிலியா' மகள், 'உக்ஸோர்' மனைவி, 'விதுவா' விதவை. சிரமம் லத்தீனில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. வீட்டில் இராயப்பன் என்று கூப்பிட்டவர் பதிவேட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். முடியப்பன் ஸ்தெஃபானுஸ், கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு முடி என்று பொருள் என்பதால். ஞானப்பிரகாசம் அலோயிசியுஸ். சவரிமுத்து சேவியர். யாகப்பன், சந்தியாகு இரண்டுமே யாக்கோபுஸ். வெளிநாட்டுச் சாமியார் எழுதினால் இப்படி, உள்ளூர் சாமியார் எழுதினால் தமிழ்ப் பெயர் அப்படியே. ஒரே மனிதர் ஞானஸ்நானத்தில் பேத்ருஸாகவும் சாவில் இராயப்பனாகவும் இருப்பார்.

புராட்டஸ்டண்ட் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. அங்கே தொல்லை ஆங்கில எழுத்தில் வருகிறது. ஞானமுத்து என்ற பெயரை 'ஜி'யில் தொடங்கியும் எழுதியிருப்பார்கள், 'என்'னில் தொடங்கியும் எழுதியிருப்பார்கள். இணையத்தில் பெயர் போட்டுத் தேடும்போது ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த தேடல் பெட்டிகளில் 'கடைசிப் பெயர்' என்ற இடத்தில் தகப்பன் பெயரைப் போட்டும் பாருங்கள், இவர் பெயரையே போட்டும் பாருங்கள்.

ஒரு வரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் எதை நம்புவது?

அடக்கம் செய்த நாளையும் இடத்தையும் நம்பலாம். குருவானவர் அன்றைக்கு அங்கே நின்றிருக்கிறார், அதற்கு அவரே சாட்சி. நம் வெயிலில் பிணத்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் இறந்தது அதே நாள் அல்லது முந்தின நாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் செவிவழி. துக்க வீட்டில் அழுதுகொண்டிருக்கும் யாரோ ஒருவரிடம் கேட்டு எழுதியது. குறிப்பாக வயது. ஒரு பக்கத்தைத் திறந்து வயதுப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள்: 60, 50, 70, 60, 45, 80. பெரியவர்கள் எல்லோரும் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதிலேயே செத்திருக்க முடியுமா? இந்த வயதைக் கழித்துப் பிறந்த வருஷம் கண்டுபிடிக்கிறவர்கள் பத்து வருஷம் தவறிப்போவது சர்வ சாதாரணம். எதிர்மாறாக, குழந்தைகளின் வயது சரியாக இருக்கும். 'நான்கு மாதம்', 'பதினோரு நாள்' என்று எழுதியிருந்தால் அம்மா எண்ணிச் சொன்னது அது.

கல்லைப் பற்றியும் இதே சந்தேகம் வேண்டும். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் வெளிமுற்றத்தில் தரை முழுக்கப் பழைய கல்லறைக் கற்கள். அங்கே நடந்து பார்த்தால் அத்தனை பேரும் காலடியில் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கற்களின் கீழே யாரும் இல்லை. பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, இப்போதைய உயர் நீதிமன்ற, பழைய சட்டக் கல்லூரி வளாகப் பக்கம் இருந்தது. 1758–59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது அவருடைய படை அந்தச் சமாதிகளை மறைவாக வைத்துக்கொண்டு கோட்டையைச் சுட்டது. மறுபடி அப்படி நடக்கக் கூடாதென்று பிற்பாடு சமாதிகளை இடித்துத் தள்ளி, கற்களை மட்டும் தூக்கிவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் சிறு வயதில் இறந்த மகன் டேவிட் அடங்கிய இடம் மாதிரி ஓரிரண்டைத்தான் பழைய இடத்திலேயே விட்டுவைத்தார்கள்.

இறந்த ஊரும் அடங்கிய ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கால்டுவெல் 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தார். அவரைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது இடையன்குடியில், அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே. பேராயருக்கு நடந்தது ரயில்வே தொழிலாளிக்கு நடக்காது, சரி. ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தா சீக்காளியாகி ஊருக்குத் திரும்பிப் போய்ச் செத்திருக்கலாம். மெட்ராஸில் வேலை பார்த்தவர்களில் அப்படிப் போனவர்கள் எவ்வளவோ பேர். ஆகவே இரண்டு இடத்திலும் தேட வேண்டும்: கிராமத்துச் சேகரத்திலும், மெட்ராஸிலும்.

மெட்ராஸில் என்றால், அவர் எந்தச் சபைக்குப் போனார் என்று கண்டுபிடித்து அந்த ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். அதோடு கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களை மெட்ராஸ் செமெட்ரீஸ் போர்டு நிர்வகிக்கிறது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் எல்லோருக்கும் பொது. அங்கே தனிப் பதிவு உண்டு. ஆலயப் பதிவேடு தொலைந்திருந்தாலும் தோட்டத்துப் பதிவு இருக்கலாம், அல்லது தோட்டத்துப் பதிவு தொலைந்து ஆலயப் பதிவேடு இருக்கலாம். கீழ்ப்பாக்கம் மாதிரி இடம் போதாத தோட்டங்களில் பழைய குடும்பக் குழியையே திரும்பத் திறந்து அடுத்தவரை வைக்கிறார்கள். அப்போது மேலே இருக்கும் கல் கடைசியாக வந்தவருடையது. கீழே இருப்பவர்களைத் தெரிந்துகொள்ளக் குழி எண்ணை வைத்துப் பதிவேட்டில் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரே எண்ணில் நான்கு பெயர் வந்தால் அது ஒரு குடும்ப மரம். கல் சொல்லாததை எண் சொல்லிவிடும்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மெட்ராஸ் மாகாண ஆலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் இருக்கின்றன. இங்கிருந்த குருமார் ஆண்டுதோறும் படியெடுத்து அனுப்பியவை. அவற்றைக் கட்டணத் தளங்களிலும் பார்க்கலாம், ஃபேமிலிசெர்ச் தளத்தில் பெரும்பகுதிக்கு இலவச அட்டவணையும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. உங்கள் குடும்பத்தில் ஆங்கிலோ இந்தியச் சம்பந்தம் இருந்தால் முதல் நாளே அங்கே போங்கள், இல்லையென்றால் அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஜே.ஜே. காட்டன் 1905-ல் தொகுத்த மெட்ராஸ் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும் அப்படித்தான். அருமையான புத்தகம், ஆனால் அதில் நம் ஆட்கள் குறைவு. பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பத்தார் மட்டும் கொடுத்துவைத்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் குடிமைப் பதிவை ஒழுங்காக வைத்து, அதைப் பிரான்சின் ஏக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது.

அரசாங்க இறப்புப் பதிவைப் பற்றி இரண்டு வார்த்தை. மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1969-ம் ஆண்டின் மத்தியச் சட்டம். கிராமங்களில் பழைய காலத்தில் எழுதியவர் கிராம முன்சீப். அவர் பதவி 1980-ல் போய்விட்டது. நகரமென்றால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும், கிராமமென்றால் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். அடக்கப் பதிவேட்டிலிருந்து சரியான தேதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் வேலை நடக்கும். தேதி இல்லாமல் போனால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பெயர் கிடைக்கவே இல்லை என்றால்? இல்லாததற்கும் காரணம் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு ஆலய அடக்கம் மறுக்கப்பட்டது, எழுதியும் இருக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கத்தோலிக்கர் மந்திரிக்காத ஓர மண்ணில் புதைத்தார்கள், அதற்கும் வரி இல்லை. ரங்கூனுக்கோ இலங்கைத் தோட்டத்துக்கோ போய் அங்கேயே முடிந்தவர்கள் உண்டு. இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும்: சாதி. கல்லறைத் தோட்டங்களைச் சாதிவாரியாகப் பிரித்த ஊர்கள் நம்மிடம் ஏராளம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுச்சுவரைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். பதிவேட்டிலும் சில இடங்களில் சாதிப் பெயர் எழுதியிருக்கும். உங்கள் வீட்டில் சொல்லிவந்த கதைக்கும் அந்தப் பத்திக்கும் பொருந்தாமல் போனால் பதிவேட்டைத்தான் நான் நம்புவேன். அதைப் படிக்க மனசைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

முஸ்லிம் குடும்பத்தாருக்கு ஜமாஅத்தின் மையத்துக் கணக்கும் (இறந்தோர் கணக்கு) கபர்ஸ்தானின் மீசான் கல்லும் (கல்லறைத் தலைக்கல்) உதவும். காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி ஊர்களில் அரபி எழுத்து வெட்டிய பழைய கற்கள் இருக்கின்றன. ஹிஜ்ரி நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்து ஆங்கிலத் தேதிக்கு மாற்றுங்கள், ஒரு நாள் தவறுவது அதனால்தான். இந்துக் குடும்பங்களில் புதைக்கும் வழக்கமுள்ளவர்களுக்கும் எழுத்துப் பதிவு அபூர்வம். ஆனால் திதி கொடுக்கிற வீட்டில் மாதமும் திதியும் தலைமுறை தாண்டி நிற்கும். வருஷம் உத்தேசமாகத் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரியான தேதியையே பிடித்துவிடலாம்.

கல்லையே படிக்க வேண்டி வந்தால், காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு போங்கள். பக்கவாட்டு வெயிலில் மங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வெறும் பாறை. நிழலில் உள்ள கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெளிச்சத்தைச் சாய்த்து அடியுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் தேய்ப்பது, மாவு பூசுவது, கம்பி பிரஷ் போடுவது இவை வேண்டாம். நூறு வருஷம் மழை செய்யாததை அரைமணியில் செய்துவிடுவீர்கள்.

இனி, ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் என்ன செய்வது? இது கட்டாயம் வரும். எனக்கு 1909-ல் ஒருவர், 1913-ல் ஒருவர், இரண்டும் அதே ஊர், அதே பெயர், இரண்டிலும் வயது 60. அடக்கப் பதிவேட்டை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. திருமணப் பதிவேட்டுக்குப் போனேன். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு 1911-ல் கல்யாணம், தகப்பன் பெயரோடு 'மரித்த' என்று சேர்த்திருந்தது. அப்போது 1913 ஆள் நம்மவர் இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கடைசியாக அவர் உயிரோடு கையெழுத்துப் போட்ட நாளுக்கும், முதன்முதலாக 'மரித்த' என்று வரும் நாளுக்கும் நடுவில்தான் அவர் வரி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆள் வரி கிடைத்ததும் அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடாதீர்கள். அனுமதி கேட்டு முன்னும் பின்னும் பத்து வருஷத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். கொள்ளுத்தாத்தா பெயர் பெரியவர்கள் வரியில் மட்டும் வராது, குழந்தைகள் வரியில் தகப்பன் பெயராகவும் வரும். எங்கள் தாத்தாவுக்கும் அவருடைய அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அது ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அந்த ஒன்பது வருஷத்துக்குள் அடக்கப் பதிவேட்டில் மூன்று வரி இருந்தது: ஆண் குழந்தை நான்கு மாதம், பெண் குழந்தை பதினோரு நாள், ஆண் குழந்தை ஒரு வயது. மூன்றுக்கும் தகப்பன் எங்கள் கொள்ளுத்தாத்தா. அத்தையிடம் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதான் அப்பாவுக்குப் பிச்சைன்னு பேரு வச்சிருக்காங்க," என்றார். பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததாகப் பிறந்து பிழைத்த பிள்ளைக்கு வைக்கிற பெயர் அது. எழுபது வருஷமாக அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.